மட்டக்களப்பு நகரில் ஒரு வீசா ஆலோசனை நிலையம்: ஆறு மாத அனுபவமும் இழந்த ஐந்து புள்ளிகளும்

கடந்த 2025 பெப்ரவரி முதல் ஓகஸ்ட் வரை மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு வீசா ஆலோசனை நிலையத்தின் வாடிக்கையாளனாக இருந்தேன். அந்த நிலையத்தின் சேவையைப் பற்றிய மதிப்பீடே இது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கதவுக்குள் மட்டும் அடங்கியவை அல்ல என்பதைக் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இதே தேவைக்காக அலைந்த நண்பர்கள் வாயிலாக அறிந்திருக்கிறேன். நான் ஒரு சிவில் பொறியியலாளன். மனைவி அரச பாடசாலையில் ஆசிரியை. எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் தொழிலுக்காக இந்த நாட்டை விட்டுச் சென்றவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். அந்த எண்ணிக்கைக்குள் என்னுடன் ஒரே அறையில் வேலை செய்த மூவரும் அடக்கம். அப்போது போக நான் விரும்பவில்லை. படுவான்கரையில் அப்பாவின் வயல் இருக்கிறது, இங்கே கட்டுவதற்குப் பாலங்களும் இருக்கின்றன என்று நினைத்தேன். மூன்று வருடம் கழித்து, மகளின் படிப்பை முன்வைத்து மனைவியும் நானும் பல இரவுகள் பேசிய பிறகே அந்த நிலையத்தின் படிகளில் ஏறினேன். ஆகவே வேடிக்கை பார்க்கப் போனவன் எழுதும் குறிப்பு அல்ல இது. அங்கு நான் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் வீட்டில் கணக்குப் பார்த்துக் கொடுத்தது.

நிலையம் ஒரு மாடிக் கட்டடத்தின் மேற்தளத்தில் இருக்கிறது. சுத்தமான இடம்; காத்திருப்போருக்குக் கதிரைகள் போதுமான அளவு உண்டு. முதல் ஆலோசனைக்கு 5,000 ரூபாய் வாங்கினார்கள், உடனே பற்றுச்சீட்டும் தந்தார்கள். முழுச் சேவைக்கு 350,000 ரூபாய் என்றும், அதில் 150,000 ரூபாயை முதல் தவணையாகக் கட்ட வேண்டும் என்றும் எழுத்தில் கொடுத்தார்கள். நாடுகள் அறவிடும் கட்டணங்களும் பரீட்சைக் கட்டணங்களும் இதில் சேராது என்பதையும் அதே தாளில் தெளிவாகக் குறித்திருந்தார்கள். பண விடயத்தில் வாய்வார்த்தையை நம்பச் சொல்லாததை நான் மதிக்கிறேன்.

முதல் ஒரு மணி நேரம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த ஓர் இளம் பெண்தான் எனக்குரிய ஆலோசகர். அவர் ஒரு வெள்ளைத் தாளின் நடுவே கோடு கிழித்து, “சேர், முதல்ல இதை விளங்கிக்கொள்ளுங்க. இந்தப் பக்கத்து நாடுகள் உங்களைப் பார்த்துத் தெரிவு செய்யும். அந்தப் பக்கத்து நாடுகளில உங்களைத் தெரிவு செய்றது முதலாளிதான்” என்றார். இடப்பக்கத்தில் கனடாவையும் அவுஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும், வலப்பக்கத்தில் பிரித்தானியாவையும் அமெரிக்காவையும் சிங்கப்பூரையும் எழுதினார். நுணுக்கமாகப் பார்த்தால் நியூசிலாந்தின் முறைக்கும் அங்கே ஒரு வேலை கையில் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோடு ஒரு புதியவனுக்குப் போதுமான வெளிச்சத்தைத் தந்தது.

அதன் பின்னால் இருப்பதை வீட்டுக்கு வந்து நானே தேடிப் படித்தேன். கனடா 1967 ஆம் ஆண்டிலேயே புள்ளி முறையைக் கொண்டுவந்தது. விண்ணப்பதாரர் எந்த நாட்டில் பிறந்தவர் என்பதை விட்டுவிட்டு, அவருடைய கல்வி, மொழி, வயது, தொழில் ஆகியவற்றை எடைபோடத் தொடங்கிய முறை அது. வெள்ளையரை மட்டும் ஏற்கும் கொள்கையை 1973 இல் கைவிட்ட அவுஸ்திரேலியா, 1979 இல் தனது புள்ளிக் கணிப்பைத் தொடங்கியது. மறுபக்கத்தில், திறன் பணியாளருக்கான அமெரிக்காவின் எச்-1பி வீசாவுக்கு ஒரு நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும். வருடத்துக்கு 65,000 பேருக்கும், அமெரிக்காவில் முதுகலைப் பட்டமோ அதற்கு மேலோ பெற்ற மேலும் 20,000 பேருக்கும்தான் இடம். விண்ணப்பங்கள் அதைவிடப் பல மடங்கு என்பதால் பல வருடங்களாகக் குலுக்கலில்தான் தெரிவு நடந்தது. 2025 செப்டெம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு 100,000 டொலர் கட்டணம் என்று அந்நாட்டு ஜனாதிபதி அறிவித்தார். அடுத்த மாதமே, விஞ்ஞான, தொழில்நுட்பத் துறைகளிலுள்ள இளையோருக்காகச் சீனா ‘கே’ வீசா என்ற புதிய வகையைத் திறந்தது. ஆற்றல் உள்ளவர்களை இழுப்பதற்கு ஒரு நாடு வாசலைத் திறப்பதும் இன்னொன்று அடைப்பதும் ஒரே பருவத்தில் நடக்கின்றன. இந்த நடமாட்டத்தை நாளாந்தம் கவனித்து எங்களுக்குச் சொல்வதற்காகத்தான் ஆலோசனை நிலையம் என்ற ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறோம். என்னுடைய முறைப்பாட்டின் மையம் இதுவே.

என் கணக்குக்கு வருகிறேன். மார்ச் மாதம் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் ஐ.ஈ.எல்.டி.எஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையை எழுதினேன். கேட்டலில் 7.5, வாசிப்பில் 7.5, எழுத்திலும் பேச்சிலும் 7 கிடைத்தது. நல்ல பெறுபேறு என்று நிலையத்தில் எல்லோரும் வாழ்த்தினார்கள். திறமையாளர்களை நிரந்தரக் குடியேற்றத்துக்குத் தெரிவு செய்யும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை 2015 ஜனவரியில் தொடங்கியது. அதில் 1,200 புள்ளிகளுக்கு ஒருவரைத் தரப்படுத்துகிறார்கள். என் மொத்தம் 350ஐச் சற்றுத் தாண்டியது. கேட்டலில் நான் 7.5க்குப் பதில் 8 எடுத்திருந்தால் அந்த அரைப் புள்ளி, தரவரிசையில் 44 புள்ளிகளாகப் பெருகியிருக்கும். மொழிக்கு நேரடியாக 7. நான்கு திறன்களும் உயர்ந்த படியை எட்டும்போது பட்டத்தோடு இணைத்துத் தரும் மேலதிகப் புள்ளிகளில் 12. வெளிநாட்டு அனுபவத்தோடு இணைத்துத் தருவதில் 25. அதே பெறுபேற்றுத் தாளை அவுஸ்திரேலியாவிடம் கொடுத்தால், நான்கிலும் 7 இருக்கிறதா என்று மட்டும் பார்த்து 10 புள்ளி தருகிறது. அந்த அரைப் புள்ளியை அது கண்டுகொள்வதே இல்லை. ஒரே மனிதன் ஒவ்வொரு நாட்டின் தராசிலும் வேறு வேறு எடை நிற்கிறான். இதைப் பரீட்சைக்கு முன்பே எனக்குச் சொல்லியிருந்தால் கேட்டல் பயிற்சிக்கு இன்னும் ஒரு மாதம் ஒதுக்கியிருப்பேன். பெறுபேறு வந்த பின்பும் நிலையத்தில் யாரும் சொல்லவில்லை. கனடிய அரசின் இணையத்தளத்தில் உள்ள இலவசக் கணிப்பானில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டு நானே கண்டுபிடித்தேன்.

அதைவிடப் பெரிய குறை நிலையத்தின் உரிமையாளர் பக்கம் இருந்தது. மரியாதையாகப் பேசும் பெரியவர் அவர். பெப்ரவரியிலேயே ஒரு நாள் என்னை உள்ளே அழைத்து, “தம்பி, கனடாவில ஒரு கொம்பனியிட வேலைக் கடிதம் எடுத்துத் தரலாம். அதுக்கு 50 புள்ளி கூடும்” என்றார். அதற்கு அவர் சொன்ன தொகை, சேவைக் கட்டணத்தின் பல மடங்கு. வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கொடுக்கும் மேலதிகப் புள்ளிகளை நீக்கப்போவதாகக் கனடா 2024 டிசெம்பரிலேயே அறிவித்திருந்தது. 2025 மார்ச் 25 இல் அவை நீங்கின. நீக்கியதற்குக் காரணமே இப்படியான கடிதங்கள் விலைபேசி விற்கப்பட்டதுதான். என் கையில் அவ்வளவு பணம் இல்லாதது அன்று எனக்குக் காப்பாக அமைந்தது. நகையை அடகு வைத்தாவது அந்தக் கடிதத்தை வாங்கியவர் எவராவது இருந்தால், அவர் கையில் அடுத்த மாதம் எஞ்சியது வெறும் தாள். உரிமையாளர் அறிந்தே சொன்னார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அறியாமல் சொன்னார் என்றால், காசு வாங்கி ஆலோசனை சொல்பவருக்கு அந்த அறியாமை பொருந்தாது.

கனடாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே இருப்பது போன்ற நிலை. ஆகவே வருகிற எல்லோரும் முதலில் கேட்பது கனடாவைத்தான், நிலையமும் அதையே விற்கிறது. ஆனால் கனடா இப்போது எல்லோரையும் ஒரே வரிசையில் வைத்து விண்ணப்பிக்க அழைப்பதில்லை. 2023 இலிருந்து தனக்குத் தேவையான பிரிவுகளைப் பிரித்து அழைக்கிறது: சுகாதாரம், தொழில்நுட்பம், கைத்தொழில்கள், பிரெஞ்சு மொழி என்று. 2025 பெப்ரவரியில், ஏற்கெனவே கனடாவில் வேலை செய்தவர்களுக்கான ஓர் அழைப்பில் 521 புள்ளிகள் தேவைப்பட்டன. மார்ச் மாதம் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான அழைப்பில் 379 போதுமானதாக இருந்தது. பிரெஞ்சு மாகாணமான கியூபெக்குக்கு வெளியேயும் பிரெஞ்சு பேசும் சமூகங்கள் நிலைத்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டின் அரசியல் தேவை. அந்தத் தேவைக்கு அது கொடுக்கும் விலைதான் இந்த இடைவெளி. இதற்கிடையில் 2025 இல் நிரந்தரமாக ஏற்கவிருந்த 500,000 பேரை 395,000 ஆக அவர்கள் குறைத்தும் விட்டார்கள். பிரெஞ்சு தெரியாத, கனடாவில் வேலை செய்யாத, 350 புள்ளி வைத்திருக்கும் என்னிடம் “இப்போதைக்கு உங்களுக்கு இது சரிவராது” என்று ஏப்ரலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இளம் ஆலோசகருக்கு அது விளங்கியிருந்தது என்றே நினைக்கிறேன். அவர் முகத்தில் தெரிந்தது, வாயில் வரவில்லை.

எனவே அவுஸ்திரேலியா. அங்கே முதல் படி, பொறியியலாளர்களுக்கான அமைப்பான ‘இன்ஜினியர்ஸ் அவுஸ்திரேலியா’ எங்கள் தகைமையை ஏற்றுக்கொள்வது. அதற்கு ‘சி.டி.ஆர்’ எனப்படும் நீண்ட தொழில் அறிக்கையை எழுத வேண்டும். என் வேலைகளில் மூன்றைத் தெரிவு செய்து, ஒவ்வொன்றிலும் நான் செய்த பொறியியலை விரித்து எழுத வேண்டும். அதற்குக் கொழும்பில் ஒருவர் இருக்கிறார், 90,000 ரூபாய் தனியாக ஆகும் என்றார்கள். நான் சம்மதிக்காமலும் மறுக்காமலும் என் வேலைகளின் குறிப்புகளைக் கொடுத்தேன். மே போயிற்று. ஜூன் போயிற்று. கேட்கும்போதெல்லாம் எழுதுபவர் வேலை நெருக்கடியில் இருக்கிறார் என்ற பதில்தான். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறுமை இழந்து, அந்த அமைப்பின் கைநூலை முழுவதும் உட்கார்ந்து வாசித்தேன். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் முழு உறுப்பினர் ஆகிவிட்டது. அதன் பின் அங்கீகாரம் பெற்ற பட்டம் முடித்தவர்களுக்கு அந்த அறிக்கையே தேவையில்லை. பட்டச் சான்றிதழ், பாடப் பெறுபேறுகள், ஆங்கிலப் பெறுபேறு போன்றவற்றோடு நேரடியாக விண்ணப்பிக்கலாம். எனது பட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தது.

மறுநாள் காலையில் அந்தப் பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். உரிமையாளர் கண்ணாடியை மாட்டி வாசித்தார். “இப்பிடி ஒரு வழி இருக்கா தம்பி? நல்லது. மறுகா பார்ப்பம், விட்டுட்டுப் போங்க” என்றார். ‘பிறகு’ என்று பொருள்படும் அந்த ‘மறுகா’ என்ற சொல் எங்கள் ஊரில் அன்போடு சொல்லப்படும் சொல்தான். ஆனால் எனக்கு ஓகஸ்ட் நடுப்பகுதியில் 33 வயது பூர்த்தியாக இருந்தது.

அதன் பொருளை வாசிப்பவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த மதிப்பீட்டை எழுதத் துணிந்தேன். அவுஸ்திரேலியக் கணக்கில் 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி. 33 ஆனதும் 25. பட்டத்துக்கு 15, ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட அனுபவத்துக்கு 10, ஆங்கிலத்துக்கு 10. ஆக, 32 வயதில் எனக்கு 65 இருந்தது. பதிவு செய்வதற்கே குறைந்தது 65 வேண்டும். பிறந்தநாள் விடிந்ததும் அது 60 ஆயிற்று. வாசல் வரை வந்தவன் வாசலுக்கு வெளியே நின்றேன். வயது, பதிவு செய்த நாளில் அல்ல, அழைப்பு வரும் நாளில்தான் பார்க்கப்படுகிறது. 65 வைத்திருப்பவர் எல்லோரையும் அழைப்பதும் இல்லை. ஆகவே பெப்ரவரியிலேயே சரியான வழியில் போயிருந்தாலும் அழைப்பு நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முயன்று பார்க்கும் உரிமையாவது அந்த மாதங்களில் என்னிடம் இருந்தது. கனடாவின் கணக்கிலும் அதே நாளில் வயதுக்கான 85 புள்ளி 80 ஆகக் குறைந்தது. இளையவர்களை எடுத்தால் நீண்ட காலம் உழைப்பார்கள், வரி கட்டுவார்கள் என்று அந்த நாடுகள் கணக்கிட்டே இப்படி வைத்திருக்கின்றன. அவர்களுடைய கணக்கில் காலம் ஒரு சரக்கு. காலத்தை வீணாக்கும் ஆலோசனை நிலையம், கட்டணம் வாங்கியதற்கு மேலாக, வாடிக்கையாளரின் புள்ளிகளையும் வாங்கிக்கொள்கிறது.

என் மனைவியைப் பற்றி அவர்கள் ஒரு முறைகூடக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கடவுச்சீட்டுப் பிரதி, விவாகச் சான்றிதழ் எல்லாம் வாங்கினார்கள். ஆனால் அவர் ஐ.ஈ.எல்.டி.எஸ்ஸில் நான்கிலும் 6 எடுத்தாலே அவுஸ்திரேலியா எனக்கு 5 புள்ளி கூட்டித் தரும் என்பதை யாரும் சொல்லவில்லை. இழந்த ஐந்தும் அந்த ஐந்தும் ஒரே அளவு. கனடாவிலும் துணையின் ஆங்கிலத்துக்கு 20 புள்ளி வரை உண்டு. திருமணமானவர்கள் இந்த நிலையத்துக்கோ வேறு நிலையத்துக்கோ போனால், முதல் நாளே மனைவியையும் அல்லது கணவரையும் அழைத்துக்கொண்டு போய், இருவருக்கும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

காத்திருந்த நாட்களில் கண்ட ஒன்று என் மனதைக் கலக்கியது. சுவரில் பிரித்தானியாவின் பராமரிப்புப் பணியாளர் வீசாவுக்கான பெரிய விளம்பரம் ஒன்று இருந்தது. பிரித்தானியா அந்த வாசலை 2022 பெப்ரவரியில் திறந்தது. முதியோரையும் நோயாளரையும் பார்க்க ஆள் இல்லாத நெருக்கடி அப்போது. ஆட்கள் பெருகி, முகவர்களால் ஏமாற்றப்பட்டவர்களின் கதைகளும் பெருகியபோது, 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்துவரத் தடை விதித்தது. 2025 ஜூலை 22 இல் வெளிநாட்டிலிருந்து புதிதாக வருவோருக்கு அந்த வாசலையே மூடியது. அதே நாளில் திறன் பணியாளர் வீசாவுக்கான பொதுவான சம்பள எல்லையை வருடத்துக்கு 41,700 பவுணாக உயர்த்தி, புதிதாக வருவோரின் தொழில் பட்டத் தரத்தில் இருக்க வேண்டும் என்றும் ஆக்கியது. மூன்றரை வருடத்துக்குள் ஒரு கதவு திறந்து மூடிவிட்டது. ஓகஸ்ட்டில் நான் கடைசியாகப் போன நாளிலும் அந்த விளம்பரம் சுவரில் இருந்தது. களுவாஞ்சிகுடியிலிருந்து வந்திருந்த ஒரு தாய் அதைக் காட்டி, “என்ட மகளுக்கு இது சரிவருமா தம்பி?” என்று என்னிடம் கேட்டார். மகள் பயிற்சி பெற்ற தாதி என்றார். தாதியருக்கான வழி வேறு, அது இன்னும் திறந்திருக்கிறது, அங்குள்ள தாதியர் சபையில் பதிவு பெற ஆங்கிலமும் இரண்டு பரீட்சைகளும் வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியவர் நான் அல்ல.

ஜேர்மனியைப் பற்றிக் கேட்டபோது, “அங்க மொழி கஷ்டம் சேர்” என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்தது. உண்மை அதைவிட விரிவானது. 2024 ஜூனில் ஜேர்மனி ‘வாய்ப்பு அட்டை’ என்ற ஒன்றைத் தொடங்கியது. கையில் வேலை இல்லாமலே அங்கு போய் ஒரு வருடம் வரை வேலை தேடலாம், அந்தக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலையும் செய்யலாம். ஏற்கத்தக்க பட்டமோ தொழிற்பயிற்சியோ இருந்து, ஜேர்மன் மொழியின் ஆரம்பப் படியோ நல்ல ஆங்கிலமோ தெரிந்தால், ஆறு புள்ளிகள் எடுத்தால் போதும். 35 வயதுக்குக் குறைந்தவருக்கு 2, கடந்த ஏழு வருடத்தில் ஐந்து வருட அனுபவத்துக்கு 3, ஆள் தட்டுப்பாடுள்ள தொழிலுக்கு 1. விரலை மடித்துக் கணக்கிட்டால் எனக்கு ஆறு நிற்கிறது. தடையாக இருப்பது பணம்: ஒரு வருடச் செலவுக்கு மாதம் 1,091 யூரோ வீதம், மாதாமாதம் மட்டுமே எடுக்கக்கூடியபடி முடக்கிய வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும் என்பது 2025 இன் விதி; அது எங்கள் காசில் நாற்பது இலட்சத்தைத் தாண்டும். வயலை விற்காமல் அது எனக்கு முடியாது, வயலை விற்கமாட்டேன். ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவன் நான். வழி இருப்பதையே சொல்லாமல் விடுவது ஆலோசனை ஆகாது. அம்பாறை ஹார்டி நிறுவகத்தில் படித்த தொழில்நுட்பவியலாளர்கள் எத்தனையோ பேர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். பட்டம் மட்டுமன்றித் தொழிற்பயிற்சியையும் ஏற்கும் இந்த வழியைப் பற்றி அவர்களிடம் யாராவது பேச வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்கிறேன். என் பெயரில் திறந்த கணக்குகளின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் நிலையமே வைத்திருந்தது. மூன்று முறை கேட்ட பிறகே தந்தார்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் விவரப் பதிவைத் தொடங்கக் கனடா ஒரு சதமும் வாங்குவதில்லை. அந்தக் கணக்கில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. பொய்யான ஒரு வரி எவர் கையால் எழுதப்பட்டிருந்தாலும் தடை விழுவது எங்கள் பெயரில்தான். இரண்டாவது, அனுமதிப்பத்திரம். காசு வாங்கிக்கொண்டு கனடிய விண்ணப்பங்களில் ஒருவரைப் பிரதிநிதித்துவம் செய்பவர் அந்நாட்டுச் சட்டத்தரணியாகவோ, அங்குள்ள குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். பதிவிலக்கம் கேட்டால் தர வேண்டும். அதைப் பொதுப் பதிவேட்டில் எவரும் சரிபார்க்கலாம். நான் கேட்டு ஒரு வாரத்தில் இந்த நிலையம் தந்தது, சரிபார்த்தேன், உண்மையாக இருந்தது. அந்த ஒன்றில் அவர்களுக்கு முழு மதிப்பெண். வேலைக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லும் முகவர் என்றால் கதை வேறு. அவருக்கு 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்க வேண்டும். வீசா ஆலோசனை நிலையத்தின் பெயர்ப்பலகையை அந்த உரிமமாக எண்ணிவிடக் கூடாது.

நல்லவற்றையும் மறைக்கக் கூடாது. ஆவணங்களை ஒழுங்குபடுத்தும் வேலையில் இந்த நிலையம் சிறந்தது. சேவைக் கடிதத்தில் பதவி, காலம், வேலை நேரம், செய்த கடமைகள் எல்லாம் எப்படி வர வேண்டும் என்று மாதிரி தந்தார்கள். என் முதல் முதலாளி கொடுத்த இரண்டு வரிக் கடிதத்தைத் திருப்பி அனுப்பி முழுமையாக வாங்கச் செய்தது அந்த இளம் ஆலோசகர்தான். ஊழியர் சேமலாப நிதிக் கூற்றைச் சம்பளச் சீட்டுகளோடு மாதம் மாதமாகப் பொருத்தி வைத்தார்கள். தமிழில் இருந்த பிறப்புச் சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. பெயரின் ஆங்கில எழுத்துகள் சான்றிதழுக்குச் சான்றிதழ் மாறிக் கிடக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது சிறிய உதவி அல்ல. மாலை நேர ஆங்கில வகுப்பும் பயனுள்ளது, குறிப்பாகப் பேச்சுப் பயிற்சி.

ஓகஸ்ட் இறுதியில் கோப்பை மீளப் பெற்றேன். முதல் தவணையில் 60,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாக்குவாதம் எதுவும் நடக்கவில்லை. உரிமையாளர் உண்மையாகவே வருந்தினார் என்று படுகிறது. என் தீர்ப்பு இதுதான்: ஆவணங்களுக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஆங்கில வகுப்புக்கும் இந்த நிலையத்துக்குத் தாராளமாகப் போகலாம். எந்த நாடு, எந்த வழி, எத்தனை புள்ளி என்ற கேள்விகளுக்காக இவர்களிடம் 350,000 ரூபாய் கொடுக்க வேண்டாம். அந்தக் கேள்விகளுக்கான பதில்களை அந்தந்த நாட்டு அரசுகள் தங்கள் தளங்களில் இலவசமாக எழுதி வைத்திருக்கின்றன. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு நான்கு மாலைகள் உட்கார்ந்தால் போதும். உரிமையாளர் இதை வாசித்தால் அவரிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. சுவரில் உள்ள விளம்பரத்தைக் கழற்றிவிடுங்கள். அந்த இளம் ஆலோசகருக்கு, “இது உங்களுக்குச் சரிவராது” என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் அதிகாரத்தைக் கொடுங்கள்.

செப்டெம்பரில் தகைமை மதிப்பீட்டுக்கு நானே விண்ணப்பித்தேன். நீண்ட அறிக்கை எதுவும் எழுதாமலே ஏற்றுக்கொண்டார்கள். டிசெம்பரில் மனைவி ஐ.ஈ.எல்.டி.எஸ் எழுதினார், நான்கிலும் 6க்கு மேல் வந்திருக்கிறது. எனவே மீண்டும் 65இல் நிற்கிறேன். பிராந்தியப் பகுதிகளுக்கான 491 வீசாவுக்கு ஒரு மாநிலம் என்னைப் பரிந்துரைத்தால் 15 சேர்ந்து 80 ஆகும். 2026 செப்டெம்பரில் என் தொழில் அனுபவம் எட்டு வருடத்தை எட்டுகிறது. அதற்கு இன்னும் ஐந்து கிடைக்கும். சேவைக் கடிதங்களைப் புதுப்பிக்கும் வேலைக்காக அடுத்த வாரம் அதே நிலையத்துக்குப் போகிறேன். அந்த ஒரு வேலைக்கு மட்டும் 8,000 ரூபாய் என்று எழுதித் தந்திருக்கிறார்கள்.